கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை



ஞாயிறு திருப்பலிக்கு மடிக்கணினிப் பையுடன் வந்து, கதவோரக் கடைசி வாங்கில் அமரும் இளைஞரைக் கண்டிருப்பீர்கள். மறையுரையின் நடுவே அவரது கைத்தொலைபேசி அதிரும். எழுந்து வெளியே போவார். பலர் முகம் சுளித்தீர்கள். நானும் சுளித்தேன்.

அண்மையில் அவரே என்னிடம் வந்தார். அவரது அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன்.

"ஃபாதர், மாதத்தில ஒரு கிழமை நான் ஆன் கோல். சேர்வர் நிண்டால் பதினைஞ்சு நிமிசத்துக்குள்ள கணினிக்கு முன்னால இருக்கவேணும். இரவு மூண்டு மணியெண்டாலும் அப்பிடித்தான்."

அதற்கு மேலதிக ஊதியம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்.

நள்ளிரவு அழைப்பு எனக்கும் புதிதன்று. ஆனால் நோயிற்பூசுதலுக்காக எழும் குருவை மறுநாள் காலையில் எவரும் கூட்டத்துக்கு அழைப்பதில்லை. இவருக்கோ ஒன்பது மணிக்குக் கூட்டம் உண்டு.

நம்மில் பலர் அறியாத ஒன்றுண்டு. ஒன்ராறியோவில் தொழிற்சாலையில் உழைத்த தந்தைக்குக் கிழமைக்கு 44 மணித்தியாலத்தின் பின் ஒன்றரை மடங்கு ஊதியம் கிடைத்தது. அவர் படிப்பித்து ஆளாக்கிய மகன் தகவல் தொழில்நுட்ப வல்லுநரானால், அந்த விதி அவனுக்குப் பொருந்தாது. வேலை நேர வரம்பும் பொருந்தாது. 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள், வேலை நேரத்தின் பின் தொடர்பைத் துண்டிப்பது குறித்து எழுத்திலான கொள்கை வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2022இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அக்கொள்கையில் என்ன இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

நல்ல சம்பளந்தானே என்பீர்கள். இணைச்சட்ட நூல் ஓய்வுநாள் கட்டளையை எகிப்தின் அடிமை வாழ்வை நினைவூட்டியே தருகிறது. ஓய்வு கூலியோடு சேர்த்துப் பேரம் பேசும் பொருளன்று; மனிதன் அடிமையல்லன் என்பதன் அடையாளம்.

ஆகவே பெற்றோரே, பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்குமுன் உறக்கத்தை விசாரியுங்கள். இளையோரே, உங்கள் நிறுவனத்தின் கொள்கையைக் கேட்டு வாங்கி வாசியுங்கள்; மாற்று ஓய்வைத் தனித்தனியாக அன்றி, குழுவாகக் கேளுங்கள். குழுத்தலைவர்களாகப் பணிபுரிவோரும் நம் பங்கில் இருக்கிறீர்கள். இரவில் எழுப்பப்பட்டவரைக் காலையில் உறங்க விடுவது உங்கள் கையில் இருக்கிறது.

வரும் ஞாயிறும் அவர் எழுந்து போகக்கூடும். கதவருகே நிற்பவர்கள் தயவுசெய்து வழிவிடுங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை