ஃபார்ம்.டி: ஐந்து வருஷம் படிச்சாச்சு, வார்டுக்கு ரெடியா?

மருத்துவமனை ரவுண்ட்ஸில் டாக்டருக்குப் பின்னால் வெள்ளை கோட்டும் நோட்டுமாக நிற்கும் எல்லோரும் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் இல்லை. சிலர் ஃபார்ம்.டி ஆறாம் ஆண்டில் இருப்பவர்கள். கேஸ் ஷீட்டில் உள்ள மருந்துகள் ஒன்றோடொன்று மோதுமா, டோஸ் சரியா, பக்க விளைவு ஏதும் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் இவர்கள் வேலை.

இந்தியாவில் ஃபார்ம்.டி 2008-ல் வந்தது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப் அல்லது ரெசிடென்சி. அந்தக் கடைசி வருடத்தில் ஆறு மாதம் பொது மருத்துவம், பிறகு வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். காகிதத்தில் பக்கா பிளான். ஆனால் அந்த வருடத்துக்கு முந்தைய ஐந்து வருடங்கள் மாணவரை எவ்வளவு தயார் செய்கின்றன?

விதிமுறையே பதில் சொல்கிறது. இரண்டு, மூன்று, நான்காம் ஆண்டுகளில் மருத்துவமனைப் பயிற்சி, வருடத்துக்குக் குறைந்தது 50 மணி நேரம். அதை 200 வேலை நாட்களுக்குப் பிரித்தால் நாளுக்கு 15 நிமிஷம். டீ குடிக்கும் நேரம்! ஐந்தாம் ஆண்டில்தான் தினமும் காலை அரை நாள் ரவுண்ட்ஸ் கட்டாயமாகிறது.

அமெரிக்காவில் ஃபார்ம்.டி மாணவர் கடைசிக் கட்டத்துக்கு வருவதற்கு முன்பே குறைந்தது 300 மணி நேரம் களப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் இன்னும் 1,440 மணி நேரம். அங்கே ரெசிடென்சி என்பது பட்டம் வாங்கிய பிறகு விரும்பினால் செய்வது. இங்கே அது பட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதனால் ஆறாம் ஆண்டு எங்கும் அதே மாதிரி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நாம் ஒப்பிட வேண்டியது அதற்கு முந்தைய மணி நேரங்களைத்தான்: அங்கே 300, இங்கே மூன்று வருடமும் சேர்த்து 150.

பாடத்திட்டம் மோசம் என்று சொல்லிவிட முடியாது. மருந்தியல், நோய்வாரியான சிகிச்சை எல்லாம் கனமாகவே இருக்கின்றன. சிக்கல் வேறு இடத்தில். புத்தகக் கணக்கில் நோயாளியின் வயது, எடை, கிரியாட்டினின் எல்லாம் தயாராகக் கொடுக்கப்பட்டிருக்கும். ஃபார்முலாவில் போட்டால் டோஸ் வந்துவிடும். வார்டில் படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவின் எடை கேஸ் ஷீட்டிலேயே இருக்காது. அவரை எப்படி எடை போடுவது? நேற்றைய கிரியாட்டினினை இன்றைக்கு நம்பலாமா? இதை எந்த செமினாரும் சொல்லித் தராது.

அதைவிடப் பெரிய ஓட்டை, பேச்சு. மூட்டுவாத நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கும், உயிரே போகலாம். மாணவருக்கு இது ஆங்கிலத்தில் மனப்பாடம். “எந்தக் கிழமைம்மா மாத்திரை போடுறீங்க? வேற நாள்ல போடக் கூடாது, சரியா?” என்று ஒரு பாட்டியிடம் கேட்டு, அவர் வாயாலேயே கிழமையைத் திருப்பிச் சொல்ல வைப்பது தனித் திறமை. இன்ஹேலர், இன்சுலின் பேனா எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஐந்து வருடம் ஆங்கிலத்தில் கேஸ் பிரசன்டேஷன் செய்தவர், முதல் நோயாளி முன்னால் தமிழில் திணறினால் அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இன்னொன்று, “சார், இந்த டோஸ் கொஞ்சம் அதிகமா இருக்கு” என்று சீனியர் டாக்டரிடம் சொல்லும் தைரியம். அது மாணவருக்கு யாரைப் பார்த்து வரும்? தன் ஆசிரியர் வார்டில் நின்று அப்படிச் சொல்வதைப் பார்த்தால்தான் வரும். கல்லூரி ஓரிடம், ஒப்பந்தம் போட்ட மருத்துவமனை வேறிடம் என்றால் ஆசிரியர் வகுப்பறையோடு நின்றுவிடுகிறார். மாணவர் டாக்டருக்குப் பின்னால் நின்று நோட்ஸ் எடுக்கிறார், அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய இன்னொரு புதுப் பாடம் வேண்டாம், ஏற்கெனவே பாடம் அதிகம். இரண்டாம் ஆண்டிலிருந்தே வாரம் ஒரு முழுக் காலைப் பொழுது வார்டுக்குப் போகட்டும். பாதி வேலை நேரம் மருத்துவமனையில் இருக்கும் ஆசிரியர்கள் வேண்டும். நான்காம் ஆண்டு வைவாவில் ஒரு நோயாளியை உட்கார வைத்து, அவர் பேசும் மொழியில் மருந்தை விளக்கச் சொல்லி மார்க் போடலாம். இதற்குப் பெரிய செலவும் ஆகாது.