கருந்துளை பாடியதா?

2022ஆம் ஆண்டில் ஒரு மாலைப்பொழுது. தேற்றாத்தீவில் உறவினர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். உயர்தரத்தில் விஞ்ஞானம் பயிலும் அவ்வீட்டுப் பெண், கைத்தொலைபேசியில் ஒரு செய்தியைக் காட்டிக் கேட்டாள்:

"மாமா, விண்வெளியில காற்றே இல்லை எண்டு படிச்சிருக்கிறம். அப்ப இந்தக் கருந்துளை பாடினது எப்படிக் கேட்டது?"

'பாடும் கருந்துளை: ஒலியைப் பதிவு செய்தது நாசா' என்பது செய்தியின் தலைப்பு. நீண்ட காலம் தலைப்பு எழுதிப் பழகிய எனக்கு அதில் குறையேதும் தென்படவில்லை. மீன் பாடும் தேன்நாட்டில் கருந்துளையும் பாடிவிட்டுப் போகட்டுமே! ஆனால், அவள் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. கலைப்பட்டதாரி என்று சொல்லித் தப்பிக்கவும் மனம் ஒப்பவில்லை. தேடிப் படித்தேன். 'பதிவு' என்ற அந்த ஒரு சொல்லில்தான் பிழை இருந்தது.

உண்மையில் நடந்தது இது. ஏறத்தாழ 25 கோடி ஒளியாண்டுத் தொலைவில் பெர்சியஸ் என்னும் விண்மீன் திரள்களின் கூட்டம் உள்ளது. அதன் நடுவிலுள்ள என்.ஜி.சி. 1275 ஒரு செயலூக்கமுள்ள விண்மீன் திரள். அதன் மையத்தில் ஒரு பெருங்கருந்துளை. அந்தக் கூட்டம் முழுவதும் பல கோடி பாகை வெப்பமுள்ள வாயு பரவியிருக்கிறது. ஆகவே அங்கே ஒலி பரவ ஊடகம் உண்டு. கருந்துளையின் அருகிலிருந்து பீறிடும் தாரைகள் அந்த வாயுவில் குமிழிகளை ஊதுகின்றன. அவை எழுப்பும் அழுத்த அலைகள், வாவியில் கல்லெறிந்தாற்போல் வெளிநோக்கி விரிகின்றன.

அவ்வளவு வெப்பமான வாயு எக்ஸ் கதிர்களை உமிழும். அக்கதிர்களைப் பூமியின் வளிமண்டலம் தடுத்துவிடுவதால், தொலைநோக்கி விண்ணில் இருந்தாக வேண்டும். 1999 ஜூலையில் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி 53 மணிநேரம் அந்தத் திசையை நோக்கி எடுத்த படத்தில் அலைவளையங்கள் தெரிந்தன. 2003இல் கேம்பிரிட்ஜ் வானியலாளர் ஆண்ட்ரூ ஃபேபியன் குழுவினர் அதை அறிவித்தனர். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள். பியானோவின் நடுச் சுரத்துக்கு 57 ஸ்தாயிகள் கீழே! எந்தச் செவிக்கும் எட்டாத ஒலி. 2022இல் வெளியான ஒலித்துணுக்கு, படத்தில் கண்ட அலைகளை 57, 58 ஸ்தாயிகள் உயர்த்திக் கணினியால் ஆக்கியது. கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் துடுப்பை நீரிலிட்டுக் காது வைத்துக் கேட்பவர், நீரில் உள்ள ஒலியையே கேட்கிறார். இங்கோ கண்ணால் கண்டதைக் காதுக்கு மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

"வாசகனுக்குச் சுவை வேண்டும், நுணுக்கம் வேண்டாம்" என்று எங்கள் தொழிலில் ஒரு வாதம் உண்டு. நானும் பலமுறை சொன்னதுதான். இன்று அதை ஏற்க மாட்டேன். அந்த அலைகள் சுமந்து செல்லும் ஆற்றல் வாயுவைக் குளிரவிடாமல் காத்து, புதிய விண்மீன்கள் பெருமளவில் பிறப்பதைத் தடுக்கிறது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஒரு கருந்துளை தன்னைச் சுற்றி இலட்சக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு ஆட்சி செலுத்துகிறது. இதைவிடவா பாட்டு சுவையானது?

சந்திரா என்ற பெயர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. "நம்மவர்" என்று பெருமை பேச நாம் தயங்குவதில்லை. அந்தத் தொலைநோக்கி கண்டதைப் பிழையறச் சொல்லத்தான் தயங்குகிறோம்.

இதே கரையோரம் தெற்கே காரைதீவில் பிறந்தவர் விபுலாநந்த அடிகள். விஞ்ஞானப் பட்டதாரியான அவர், சுரங்களைக் கணக்கிட்டு ஆராய்ந்து 1947இல் யாழ் நூலைத் தந்தார். பாட்டும் கணக்கும் இம்மண்ணில் பகையாக இருந்ததில்லை.

விஞ்ஞானச் செய்தியை ஆசிரிய மேசைக்கு அனுப்புமுன், பத்திரிகையாளர் அதை ஓர் உயர்தர மாணவிக்கு வாசித்துக் காட்டட்டும். அவள் "எப்படி?" என்று கேட்டால், விடையும் செய்தியிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அது அச்சுக்கு ஆயத்தமாகவில்லை.