காணி வாங்கும் முன் பங்கைக் கேளுங்கள்



கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் நம் ஊர்களில் முதலில் வரும் யோசனை, "ஒரு துண்டுக் காணி வாங்கிப் போடுவோம்" என்பதுதான். வெளிநாட்டில் உழைத்த காசு, சீட்டுக் காசு, சம்பளத்தில் மிச்சம் பிடித்தது எல்லாம் அங்கேதான் போகிறது. நல்ல எண்ணம்தான்.

ஆனால் காணி பார்க்கப் போனால் நாம் கேட்பது மூன்றே கேள்வி. பேர்ச் என்ன விலை? றோட்டுக்கு எவ்வளவு தூரம்? மாரியில் தண்ணி நிற்குமா? மூன்றும் கேட்க வேண்டியவைதான். கேட்காமல் விடுவது ஒன்று: இது யார் யாருடைய காணி?

"வாப்பாட காணி, மகன்தான் விக்கிறார்" என்று தரகர் சொன்னதும் தலையாட்டி விடுகிறோம். அந்த இடத்தில்தான் நாம் நிற்க வேண்டும். ஒரு முஸ்லிம் மரண சாசனம் எழுதாமல் மௌத்தானால், 1931ஆம் ஆண்டின் சட்டப்படி அவர் சொத்து மார்க்கம் சொன்ன பங்கு முறையில் வாரிசுகளுக்குப் போகும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 20 பேர்ச் காணி. வாப்பா மௌத். உம்மா, ஒரு மகன், இரண்டு மகள்மார் இருக்கிறார்கள். வேறு வாரிசு இல்லை. உம்மாவுக்கு எட்டில் ஒன்று, அதாவது 2.5 பேர்ச். மிச்சத்தில் மகனுக்கு 8.75, மகள்மாருக்கு ஆளுக்கு 4.375. மகன் மட்டும் கையெழுத்து வைத்து 20 பேர்ச்சையும் விற்றால், வாங்கியவருக்குக் கிடைப்பது 8.75 பேர்ச் பங்குதான். அதுவும் எந்த மூலை என்று பிரிக்கப்படாத பங்கு. பேர்ச் 5 லட்சம், மலிவு என்று 1 கோடி கொடுத்திருந்தால், உண்மையில் அவர் ஒரு பேர்ச்சுக்கு 11 லட்சத்துக்கு மேல் கொடுத்திருக்கிறார்.

"தங்கச்சிமாருக்குச் சீதனம் கொடுத்தாச்சு, இனி என்ன பங்கு?" என்பார்கள். வாப்பா உயிரோடு இருக்கும்போது கொடுத்த சீதனம் வேறு, மௌத்துக்குப் பின் வரும் வாரிசுப் பங்கு வேறு. தங்கச்சி விட்டுக்கொடுக்கிறாள் என்றால் அதை அவளே சொல்லட்டும், மனமுவந்து சொல்லட்டும். போனில் "சரி" என்றது போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, நொத்தாரிசு முன்பாக, இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையெழுத்து வைக்காத காணி விற்பனை செல்லாது. அவள் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள நம் நாட்டுத் தூதரகம் மூலம் அற்றோனித் தத்துவம் அனுப்பலாம்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்க முன் இதைச் செய்வோம். உறுதியில் பெயர் உள்ளவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்போம். இல்லையென்றால் வாரிசுகள் யார் யார் என்று ஊரிலும் பள்ளிவாசலிலும் விசாரிப்போம். காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்காவது தேடிப் பார்க்கச் சொல்வோம். ஈடு வைத்திருந்தாலும் அங்கே தெரியும். பெர்மிட் காணி என்றால் பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் கை வைக்க வேண்டாம். விலை பேசுவது இதற்குப் பிறகுதான்.

இப்படியெல்லாம் கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பார்கள் எனச் சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டியது விற்பவர், வாங்குபவர் அல்ல. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுப்பது பற்றி மிம்பரில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! தங்கச்சியின் பங்கை மறைத்து விற்பவர் துணிவது, கேட்காமல் வாங்க நாம் இருப்பதால்தான்.

எல்லா வாரிசும் கையெழுத்து வைத்து, அவரவர் காசு அவரவர் கையில் போகும் காணிக்கு, பேர்ச்சுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதுதான் மலிவு. அல்லாஹ் நம் தேட்டத்தில் பரக்கத் செய்வானாக.