கொட்டகைக்கு வரும் வெந்நீர் வழியிலேயே ஆறுகிறதே?

கேள்வி: எட்டு கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். கறவை இயந்திரமும் பால் கேன்களும் கழுவ, போன வருடம் ஹீட் பம்ப் போட்டோம். இயந்திரம் வெளியே சுவரோரம் இருக்கிறது. தொட்டி கொட்டகைக்குள், 10 மீட்டர் தள்ளி. நடுவில் முக்கால் இஞ்ச் ஜி.ஐ. குழாய் வெறுமனே ஓடுகிறது. பனிக்காலத்தில் தொட்டி சூடேற வெகுநேரம் ஆகிறது. குழாய்க்குச் சாக்கு சுற்றினால் போதுமா?
- வாசகர், உதகமண்டலம் அருகே

பதில்: சாக்கு வேண்டாம். மழையிலும் பனியிலும் நனைந்த சாக்கு, சூட்டைக் காப்பதற்குப் பதில் உறிஞ்சி வெளியே விடும். குழாயும் துருப்பிடிக்கும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். வெளியே 10 டிகிரி, குழாய் நீர் 50 டிகிரி என்றால், காற்றில்லாத இடத்திலேயே உங்கள் குழாய் மீட்டருக்குச் சுமார் 35 வாட் சூட்டை இழக்கும். போக ஒன்று, வர ஒன்று என 20 மீட்டருக்கு 700 வாட். இயந்திரம் தரும் சூடு 3 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வழியிலேயே போகிறது. காற்றடித்தால் இன்னும் கூடும்.

ஏ.சி. மெக்கானிக்குகள் போடும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஃபோம் ட்யூபை வாங்குங்கள். 19 மி.மீ. கனம் இருந்தால் இழப்பு கால் பங்காகக் குறையும். தினம் நாலு மணி நேரம் ஓடினால் மாதம் சுமார் 20 யூனிட் மிச்சம். தொட்டியும் சீக்கிரம் சூடாகும்.

போடும் முறைதான் முக்கியம்:

* குழாயின் வெளிச்சுற்றை நூலால் அளந்து, 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். அதே உள்விட்டமுள்ள ட்யூபைக் கேளுங்கள். தொளதொளவென்று இருந்தால் பயனில்லை.
* மெயின் சுவிட்சை அணைத்து, குழாய் ஆறிக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். வெட்டிய வாய், இணைப்பு எல்லாவற்றிலும் அதற்கான பசையைத் தடவுங்கள்.
* எல்போ, வால்வு, யூனியன் ஆகியவற்றையும் மூடுங்கள். கிளாம்ப் ஃபோமை நசுக்கக் கூடாது.
* வெயில் பட்டால் ஃபோம் வெடிக்கும்; எலியும் கடிக்கும். மேலே அலுமினியத் தகடு சுற்றுங்கள், அல்லது பெரிய பி.வி.சி. குழாய்க்குள் விடுங்கள். தகட்டின் மடிப்பு கீழ்ப்பக்கம் இருந்தால் மழைநீர் இறங்காது.

பாதுகாப்பு வால்வின் வாயையும், இயந்திரத்தின் காற்று வழியையும், நீர் சொட்டும் குழாயையும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். இயந்திரத்துக்கும் தொட்டிக்கும் நடுவே போவது தண்ணீர்க் குழாயாக இல்லாமல் கேஸ் குழாயாக இருந்தால், அதில் நீங்கள் கை வைக்க வேண்டாம், மெக்கானிக்கை அழையுங்கள்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தொட்டியிலிருந்து கழுவும் இடத்துக்கு வரும் குழாயில் காலையில் நின்றுவிட்ட தண்ணீர், ஃபோம் போட்டாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் வெதுவெதுப்பாகி, சாயங்காலக் கறவைக்குள் ஆறிவிடும். 6 மீட்டர் குழாயில் அது சுமார் 2 லிட்டர். அதைக் கொட்டாமல் வாளியில் பிடித்து, கேனை முதலில் அலசப் பயன்படுத்துங்கள். பால் படிந்த கேனில் எடுத்ததும் கொதிநீர் ஊற்றினால் பால் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அந்த முதல் அலசலுக்கு இதுவே ஏற்றது.

அடுத்து எப்போதாவது இயந்திரத்தை இடம் மாற்ற வாய்த்தால், தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் காற்றோட்டமான இடமாகப் பார்த்து வையுங்கள். இல்லாத குழாயில் சூடு இழப்பதில்லை.