உச்சவரம்பு யாருக்கு?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணிதம்)

வந்திறங்கிய பொருளுக்குப் புலிப்பொறி இட்டுச் சுங்கம் கொண்ட துறைமுகம் எங்கள் பூம்புகார். பட்டினப்பாலை அந்தச் சுங்கக் காவலரைப் பாடுகிறது. ஆகவே வரி நமக்குப் புதிதன்று. எவரிடம் எவ்வளவு கொள்வது என்பதே வழக்கு.

சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் அண்ணனின் சம்பளச் சீட்டைப் பார்த்தேன். மாதம் 14,000 ரூபாய். அரையாண்டுத் தொழில்வரி 1,250 ரூபாய். அங்கேயே மாதம் 5 லட்சம் வாங்கும் அதிகாரி இருந்தால் அவருக்கு எவ்வளவு? அதே 1,250! கணிதம் படிப்பவன் அல்லவா, வகுத்துப் பார்த்தேன். அண்ணன் நூறு ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய் கட்டுகிறார். அதிகாரி நான்கு காசு கட்டுகிறார்.

காரணம் அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு. ஒருவரிடம் ஆண்டுக்கு 250 ரூபாய்க்கு மேல் தொழில்வரி கூடாது என்றிருந்ததை 1988இல் 2,500 ஆக்கினார்கள். அவ்வளவே. 2024இல் சென்னை மாநகராட்சி இவ்வரியைக் கூட்டியபோது, அரையாண்டில் 60,000க்குள் ஈட்டுவோருக்குத்தான் கூடியது. மேலே உள்ளவர்களைத் தொட அதற்கு வழியில்லை.

நிலத்திற்கு உச்சவரம்பு 1961இல் 30 தர ஏக்கர், 1970இல் 15. அது மிராசுதாரைக் கட்டியது. வரிக்கு வைத்த உச்சவரம்போ செல்வரைக் காக்கிறது. வேடிக்கை அன்றோ?

"செல்வர்தாம் வருமான வரியும், 50 லட்சத்துக்கு மேல் கூடுதல் வரியும் கட்டுகிறாரே" என்பர் சிலர். உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் வரி முழுவதும் மத்திய அரசுக்கே, மாநிலங்களுக்குப் பங்கில்லை. தொழில்வரிதான் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் வருவது. தெருவிளக்கும் சாக்கடையும் அவற்றின் பொறுப்பு. 1973-74இல் வருமான வரி உச்சத்தில் 97.75 விழுக்காடு வரை போனது; கணக்கை மறைக்கவே அது கற்றுக்கொடுத்தது. அதை நான் கேட்கவில்லை.

பதினைந்தாவது நிதிக்குழு இந்த வரம்பை 18,000 ஆக்கலாம் என்றது. ஆக்கட்டும். ஆனால் அரையாண்டில் 75,000க்கு மேல் எல்லோரும் ஒரே படி என்பதை வைத்துக்கொண்டு ஆக்கினால், அந்தச் சுமையும் அண்ணன் தலையிலேயே விழும். அவருக்கு 1,250 அப்படியே நிற்கட்டும். மாதம் ஒரு லட்சம், இரண்டு லட்சம், ஐந்து லட்சம் என்று மேலே புதுப் படிகள் கட்டட்டும்.