அடுத்து நம்ம டர்ன்

இன்டர்வியூவுக்குப் போனவர்களுக்கு அந்த பெஞ்ச் ஞாபகம் இருக்கும். மடியில் ஃபைல், கழுத்தில் அண்ணனுடைய டை, உள்ளங்கையில் வியர்வை. நமக்கு முன்னால் உள்ளே போனவன் சிரித்துக்கொண்டு வெளியே வந்தால் வயிற்றைக் கலக்கும். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாலோ இன்னும் அதிகமாகக் கலக்கும். ஆனாலும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. உள்ளே அவனை என்ன பாடு படுத்தினார்கள் என்பது நம் கண்ணில் படாது. அந்தக் கதவைச் செய்த ஆசாரி நன்றாக இருக்கட்டும்.

குத்துச்சண்டையில் இந்தக் கதவு கிடையாது ஸார். நம் முறைக்கு முன்னால் இன்னொருத்தர் மூக்கில் குத்து வாங்குவதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். சத்தமும் கேட்கும். டி.வி.யில் பார்க்கும்போது அந்தச் சத்தத்தில் பாதிகூட வராது.

2023 மார்ச்சில் டெல்லியில் பெண்கள் உலக சாம்பியன்ஷிப் நடந்ததே, அதை எங்கள் நாகூரில் ஒரு டீக்கடையில் நின்று பார்த்தேன். நோன்பு தொடங்கிய வாரம். நோன்பு திறந்து கஞ்சி குடித்துவிட்டு வந்தவர்கள், வாடா வாங்க வந்தவர்கள், என்னைப் போல சும்மா வந்தவர்கள் என்று ஒரு கும்பல். நடுவில் யாரோ ஒருத்தருடைய செல்போன், டீ கிளாஸில் சாய்ந்து நின்றது.

நம் பெண்கள் நாலு பேர் ஃபைனலுக்கு வந்திருந்தார்கள். 25-ஆம் தேதி சனிக்கிழமை இரண்டு ஃபைனல், ஞாயிற்றுக்கிழமை இரண்டு. சனிக்கிழமை, 48 கிலோவில் நீத்து கங்காஸ் மங்கோலியாக்காரியை 5-0 என்று ஊதித் தள்ளினார். 81 கிலோவில் ஸ்வீட்டி பூரா. இவர் 2014-இல் இதே உலகப் போட்டியில் வெள்ளி வாங்கியவர். ஒன்பது வருஷம் கழித்து சீனாவின் வாங் லீனாவை 4-3 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார்.

“ஜட்ஜு அஞ்சு பேர்தானே? நாலும் மூணும் ஏழாச்சே! பேங்க்ல இப்படிக் கணக்கு எழுதினா அன்னிக்கே சஸ்பெண்ட்” என்றார் கும்பலில் ஒரு கேஷியர்.

நியாயமான கேள்விதான். ஐந்து நடுவர்கள் 3-2 என்று பிரிந்துவிட்டால் தீர்ப்பு மறுபரிசீலனைக்குப் போகும். இன்னும் இரண்டு பேர் தங்கள் முடிவைச் சொல்வார்கள். ஆக ஏழு. விளக்கியும் கேஷியருக்கு மனசு ஆறவில்லை. வவுச்சர் கேட்பார் போலிருந்தது.

எனக்கு ஜெயித்த இரண்டு பேரைவிட, மறுநாளுக்காகக் காத்திருந்த இரண்டு பேர் மேல்தான் நினைப்பு. நிகத் ஜரீனும் லவ்லினா போர்கோஹைனும் அந்த சனிக்கிழமை ராத்திரி எப்படித் தூங்கியிருப்பார்கள்? கூட இருந்தவர்கள் தங்கத்தோடு இருக்க, இவர்கள் எடையோடு இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் எடை பார்ப்பார்கள். பக்கத்து அறையில் லட்டு உடைத்தாலும் வாசனையோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை, முதலில் 50 கிலோ. நிகத் ரிங்குக்குள் வந்ததும் டீக்கடையில் பேச்சு நின்றது. நிஜாமாபாத்துப் பெண். அரை டிராயர் போட்டுக்கொண்டு ஆடுகிற ஆட்டம் பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று சொந்தபந்தங்கள் கேட்டபோது, அப்பா ஜமீல் அகமது காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அதே கேள்வி எங்கள் கடையிலும் ஒரு பெரியவர் வாயிலிருந்து வந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்த நானா, “மொதல்ல அந்தப் புள்ள ஜெயிக்கட்டும் மாமா, அப்புறம் துணி பத்திப் பேசுவோம்” என்றார். நிகத் வியட்நாமின் நிகுயென் தி டாமை 5-0 என்று ஜெயித்தார். முந்தின வருஷம் இஸ்தான்புல்லில் 52 கிலோவில் தங்கம், இப்போது 50 கிலோவில். பெரியவர் அப்புறம் துணி பற்றிப் பேசவே இல்லை. இன்னொரு டீ சொன்னார்.

இப்போது லவ்லினாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மூன்று பேர் போனார்கள், மூன்று தங்கம். நாலாவது ஆள் இவர். உலகப் போட்டியில் 2018-இல் வெண்கலம், 2019-இல் வெண்கலம், டோக்கியோ ஒலிம்பிக்ஸில் வெண்கலம். 2022-இல் அதுவும் இல்லை. டோக்கியோவில் அவர் ஆடிய 69 கிலோ பிரிவு பாரிஸ் ஒலிம்பிக்ஸில் இல்லாமல் போனதால் 75-க்கு மாறியிருந்தார். எடை கூடினால் எதிரில் வருகிறவர்களும் அதற்குத் தகுந்தபடி வருவார்கள் அல்லவா?

அஸ்ஸாமில் கோலாகாட் மாவட்டத்துக் கிராமத்துக்காரர். சின்ன வயசில் அப்பா ஸ்வீட் வாங்கி வந்தாராம். அதைச் சுற்றியிருந்த பேப்பரில் முகமது அலி பற்றி ஏதோ எழுதியிருக்க, இந்தப் பெண் ஸ்வீட்டை விட்டுவிட்டுப் பேப்பரைப் படித்தாராம். அதே அலி 1980-இல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியிருக்கிறார். அதைப் பற்றியும் எத்தனையோ பேப்பரில் வந்திருக்கும், அதில் எத்தனையோ வாடா மடித்திருப்பார்கள். நாம் எண்ணெயைத்தான் துடைத்தோம்.

லவ்லினாவின் ஆட்டம் ஒருதலைப்பட்சமாக இல்லை. ஆஸ்திரேலியாவின் கெய்ட்லின் பார்க்கர் லேசில் விடவில்லை. கடைசியில் 5-2. கேஷியர் வாயைத் திறக்கவில்லை. 2006-இல் இதே டெல்லியில் மேரி கோம், சரிதா தேவி, ஜென்னி, நம் பக்கத்து கேரளத்து லேகா என்று நாலு தங்கம் வந்தது. அதற்கப்புறம் இப்போதுதான் மறுபடியும் நாலு.

அன்றைக்குக் கடை வாசலில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணும் நின்றாள். பதினொன்றாம் வகுப்பு. குத்துச்சண்டை பழகுகிறாள். பெயர் வேண்டாம், அவள் உம்மா பத்திரிகை படிக்கிறவர். நாங்களெல்லாம் கையைப் பார்த்துக் கூச்சல் போட்டோம். அவள் மட்டும், “காலைப் பாருங்க மாமா. கால் நின்னுடுச்சுன்னா அடி விழப்போவுதுன்னு அர்த்தம்” என்றாள். பார்த்தேன். அடுத்த நிமிஷமே நடந்தது. எனக்கு அதற்கப்புறம் ஆட்டமே வேறு மாதிரி தெரிந்தது.

மே மாதம் தஞ்சாவூரில் அவளுக்கு ஒரு போட்டி. அவள் வாப்பா சிங்கப்பூரில் இருப்பதால் துணைக்கு நான் போனேன். “இந்த ஒரு தடவைதான். ஜெயிச்சா பார்ப்போம். தோத்தா பிளஸ் டூ படிக்கணும்” என்று உம்மா கண்டிஷன் போட்டிருந்தார். அவளுடையது ஆறாவது ஆட்டம். முதல் மூன்றையும் கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். நாலாவதில் ஒரு பெண்ணுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. என் காலே ஆடியது. இவள் மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, கையில் துணியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

“ஏம்மா, பார்க்கலியா?”

“சத்தம் கேட்டா போதும் மாமா. பார்த்தா அவ வலி எனக்கு வருது.”

மூன்று ரவுண்டு. ஜெயித்த பெண்ணின் கையைத் தூக்கினார் ரெஃப்ரி. அது இவள் கை இல்லை.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாகூர் ரயிலுக்கு நேரமாச்சு என்றேன். அழுவாள், என்ன சொல்லித் தேற்றலாம் என்று மனசுக்குள் ஒத்திகையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து, கயிற்றுக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே போய் நின்றாள். அவளைத் தோற்கடித்த பெண்ணுக்குச் சாயந்திரம் செமி ஃபைனல்.

“அவ குத்திட்டு இடது கையைத் திரும்ப மேல தூக்க லேட் பண்றா மாமா. அப்பப் பார்க்கலை, இப்ப நல்லாத் தெரியுது. முடியட்டும், அடுத்த ரயில்ல போலாம்.”

“உம்மாகிட்ட என்ன சொல்றது?”

“நீங்க சொல்லுங்க” என்றாள், ரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.