ஒரு சாண் துணியில் ஒரு தாயின் அடையாளம்! பிரிட்டனின் அச்சுத் துணிகளும் கிறிஸ்துமஸ் கைவேலையும்

1767, பிப்ரவரி 11. லண்டனில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டலில் ஓர் ஆண் குழந்தை சேர்க்கப்பட்டது. பெயரில் ஹாஸ்பிட்டல் என்று இருந்தாலும் அது மருத்துவமனை அல்ல, வளர்க்க வழியில்லாத தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இல்லம். அந்தக் குழந்தையின் அம்மா சாரா பெண்டர், ஒரு சின்னத் துணிப் பட்டையை அடையாளமாகக் கொடுத்தார். விதவிதமான பிட்டுத் துணிகளை ஒட்டித் தைத்த பட்டை அது. நடுவில் சிவப்பு நூலில் ஓர் இதயம். அந்தப் பட்டை சரியாக இதயத்தின் நடுவே கத்தரிக்கப்பட்டிருந்தது.

இல்லத்தில் குழந்தைக்குப் புதுப் பெயர் வைத்தார்கள், பெஞ்சமின் ட்விர்ல் என்று. அம்மா வைத்த பெயர் சார்ல்ஸ்.

அந்த இல்லத்தின் வழக்கமே அப்படித்தான். பிள்ளை யாருடையது என்பதை வெளியே சொல்ல மாட்டார்கள். என்றைக்காவது அம்மா திரும்பி வந்தால் கண்டுபிடிக்க வேண்டுமே! அதற்காகக் குழந்தையின் உடையிலிருந்து ஒரு துண்டையோ, அம்மா கொண்டுவந்த துணியையோ சேர்க்கைத் தாளில் குண்டூசியால் குத்தி வைத்துவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஏழைத் தாய்க்கும் தன் துணியின் பூவும் கோடும் மறக்காது அல்லவா? 1741 முதல் 1760 வரை அங்கே சேர்ந்த குழந்தைகள் 16,000-க்கும் மேல். அவர்களில் பெற்றவர்கள் திரும்ப வந்து அழைத்துச் சென்றது வெறும் 152 பேரை. அப்படிச் சேர்ந்த சுமார் 5,000 துணித் துண்டுகள் இன்றும் லண்டனின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 18-ம் நூற்றாண்டின் சாதாரண மக்கள் என்ன உடுத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிடப் பெரிய தொகுப்பு பிரிட்டனில் இல்லை. பூ, மொட்டு, பறவை, வண்ணத்துப்பூச்சி, இதயம்... பார்க்கப் பார்க்க அழகு. எதற்காக வெட்டியது என்று நினைத்தால்தான் கண் கலங்கும்.

கிறிஸ்துமஸுக்குத் துணியில் என்ன செய்யலாம் என்று தேடுபவர்களுக்குப் பிரிட்டனின் பூப்போட்ட துணிகள்தான் முதலில் கண்ணில் படும். கடையில் அவை விலை கூடியவை. ஆனால், அவற்றின் கதை பெரும்பாலும் வீடுகளில் நடந்த கதை, அதுவும் பிட்டுத் துணிகளில்.

சீட்டி உடுத்தினால் அபராதம்!

'சீட்டிப் பாவாடை' என்று பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அச்சிட்ட பூத்துணிக்குத் தமிழில் சீட்டி என்று பெயர். ஆங்கிலேயர்கள் சின்ட்ஸ் என்று சொல்வதும் அதே சொல் குடும்பம்தான். 17-ம் நூற்றாண்டில் கிழக்கிந்திய கம்பெனியின் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து இந்தத் துணியை அள்ளிக்கொண்டு போயின. கையால் வரைந்தவை, அச்சுக்கட்டையால் பதித்தவை என இரண்டும் போயின. படிகாரமும் சாயவேரும் சேர்ந்து தந்த சிவப்பு எத்தனை முறை துவைத்தாலும் போகவில்லை. அதுவரை பிரிட்டனில் யாருக்கும் அந்த வித்தை கைவரவில்லை. முதலில் திரைச்சீலை, படுக்கை விரிப்பு என்று வீட்டுக்குள் வந்த துணி, சீக்கிரமே சீமாட்டி முதல் வேலைக்காரப் பெண் வரை எல்லோருக்கும் கவுன் ஆனது.

உள்ளூர் நெசவாளர்கள் வயிற்றில் அடி விழுந்தது. கம்பளியும் பட்டும் நெய்தவர்கள் 1719-ல் லண்டன் தெருக்களில் இறங்கி, சீட்டி உடுத்திய பெண்களைத் துரத்தித் துரத்தி உடையைக் கிழித்தார்கள். நாடாளுமன்றமும் நெசவாளர்கள் பக்கம் சாய்ந்தது. இறக்குமதிக்குத் தடை ஏற்கெனவே இருந்தது. 1721-ல் வந்த சட்டம், அச்சிட்ட காலிகோவை உடுத்துவதற்கே தடை போட்டது. தடை அமலுக்கு வந்த நாள் எது தெரியுமா? 1722, டிசம்பர் 25. மீறினால் 5 பவுண்டு அபராதம், அதுவும் காட்டிக்கொடுத்தவர் கைக்கு! நெசவாளர்களின் பசியில் நியாயம் இருக்கலாம். தெருவில் போன பெண்ணின் உடையைக் கிழித்ததில் என்ன நியாயம்?

1774-ல்தான் தடை விலகியது. சாரா தன் துண்டுகளைத் தைத்தபோதுகூட அது முழுதாக நீங்கியிருக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் பிரிட்டன் அச்சுக்காரர்கள் லினனிலும், லினனும் பருத்தியும் கலந்த துணியிலும் பூப்போட்டுப் பழகினார்கள். இந்தியத் துணியைப் பார்த்துப் படித்த பாடம், அவர்கள் தோட்டத்துப் பூவாக மாறத் தொடங்கியது.

பழம் திருடிய பறவை

அந்தத் தோட்டத்துப் பூக்களில் இன்றுவரை விலைபோகும் ஒன்று, வில்லியம் மோரிஸ் 1883-ல் வரைந்த 'ஸ்ட்ராபெரி தீஃப்'. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் அவருடைய கெம்ஸ்காட் வீட்டுத் தோட்டத்தில் ஸ்ட்ராபெரி பழுத்தால் த்ரஷ் பறவைகள் வந்து கொத்திக்கொண்டு போகும். தோட்டக்காரருக்கு அவற்றின் கழுத்தைத் திருகிவிடலாமா என்று கோபம். மோரிஸோ ஒரு பறவையையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். இந்தக் கதையைப் பிற்பாடு எழுதி வைத்தவர் அவருடைய மகள் மே. திருட்டுப் பறவைகள் துணியில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்துவிட்டன.

அச்சிடுவது லேசான வேலை அல்ல. முதலில் துணி முழுவதும் அவுரி நீலத்தில் முக்கி எடுக்க வேண்டும். பிறகு நிறம் நீக்கும் கலவையை அச்சுக்கட்டையால் பதித்து, வேண்டிய இடத்தில் மட்டும் நீலத்தைப் போக்க வேண்டும். அந்த வெள்ளையில் சிவப்பும் மஞ்சளும் ஏற்ற வேண்டும். முடிக்கப் பல நாட்கள் ஆகும். அழகான பொருள் எல்லோர் வீட்டிலும் இருக்க வேண்டும் என்று பேசிய மனிதர்தான் மோரிஸ். ஆனால் அவர் துணியை வாங்க முடிந்தது வசதியானவர்களால் மட்டுமே. இப்போது அந்தப் பறவைகளை லண்டனின் லிபர்ட்டி கடையின் மெல்லிய 'டானா லான்' பருத்தித் துணியிலும் பார்க்கலாம். அதுவும் மலிவில்லை. அதனால்தான் கைவேலைக்காரர்கள் மீட்டர் கணக்கில் வாங்காமல், சதுரம் சதுரமாக வெட்டிய துண்டுகளை வாங்கிச் சேர்க்கிறார்கள்.

மகள் மே மோரிஸ், 1885-ல் தன் 23-வது வயதில் அப்பாவின் நிறுவனத்தில் எம்பிராய்டரி பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அம்மா ஜேனும் சித்தி பெஸ்ஸியும்கூட ஊசி பிடித்தவர்கள்தான். குடும்பமே தைத்த வீடு அது.

சமையலறை மேஜையில் 10 பவுண்டு

வேல்ஸில் பிறந்த லாரா ஆஷ்லியின் கதை இன்னும் நெருக்கமானது. லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பெண்கள் சங்கம் வைத்த பாரம்பரியக் கைவேலைக் கண்காட்சிக்கு அவர் போனார். பார்த்ததும், தானும் பேட்ச்வொர்க் தைக்க வேண்டும் என்று ஆசை. பொடிப்பொடியாகப் பூப்போட்ட பழங்காலத் துணியைக் கடை கடையாகத் தேடியும் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, நாமே அச்சிடுவோம் என்று இறங்கிவிட்டார்.

1953-ல் பிம்லிகோ பகுதியில் இருந்த சிறிய ஃபிளாட்டில், சமையலறை மேஜை மேல், கணவர் பெர்னார்டு செய்துகொடுத்த சட்டத்தை வைத்து ஸ்க்ரீன் பிரிண்டிங் ஆரம்பமானது. மரம், சாயம், லினன் எல்லாம் சேர்த்துப் போட்ட முதல் 10 பவுண்டு. முதலில் தலையில் கட்டும் ஸ்கார்ஃபும், மேஜைக்கான சின்ன விரிப்புகளும். ஆட்ரி ஹெப்பர்ன் நடித்த 'ரோமன் ஹாலிடே' வந்து ஸ்கார்ஃப் மோகம் கிளம்பிய நேரம் என்பதால் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பின்னாளில் உலகம் முழுக்கக் கடைகள். இத்தனைக்கும் தொடக்கம், பேட்ச்வொர்க் தைக்க ஒரு பிட்டுத் துணி கிடைக்காத ஏக்கம்தான்.

புட்டிங் கட்டும் துணி

கிறிஸ்துமஸில் துணிக்கு வேலை நிறைய. அட்வென்ட் காலத்துக்கு முந்தைய ஞாயிறன்று வீட்டில் ஒவ்வொருவரும் கரண்டியைப் பிடித்துக் கிழக்கிலிருந்து மேற்காகக் கிளறி, மனதுக்குள் ஒன்றை வேண்டிக்கொள்ளும் கிறிஸ்துமஸ் புட்டிங் இருக்கிறதே, அதை அந்தக் காலத்தில் காலிகோ துணியில் மூட்டை கட்டித்தான் வேகவைப்பார்கள். கோழிக்கோட்டின் பெயர்தான் காலிகோ ஆனது என்பது கூடுதல் தகவல். வீட்டு ஜாம் பாட்டிலைப் பரிசாகத் தருபவர்கள், மூடி மேல் வட்டமாக வெட்டிய பூத்துணியைப் போட்டு நூலால் கட்டித் தருவார்கள். பரிசுகள் போட்டுவைக்கும் ஸ்டாக்கிங்கையும் பல வீடுகளில் மிச்சத் துணியில்தான் தைக்கிறார்கள்.

இரண்டாம் உலகப்போர் காலத்தில் இந்தச் சிக்கனம் கட்டாயமானது. 1941 ஜூன் முதல் 1949 வரை துணிக்கு ரேஷன். கூப்பன் இல்லாமல் புது கவுன் இல்லை. கிழிந்ததை எப்படித் தைப்பது, பழசை எப்படி மாற்றுவது என்று சொல்லித்தர அரசே 1943-ல் ஒரு கையேடு போட்டது. பழைய துணியில் செய்த பொம்மைதான் பல பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு. அந்தக் கெடுபிடியிலும் அரசு ஓர் இடத்தில் இளகியது. 1945 மே மாதம் ஐரோப்பாவில் போர் முடிந்தபோது, கொடித் தோரணம் தைக்கும் பருத்தித் துணிக்குக் கூப்பன் வேண்டாம் என்று அறிவித்தார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். முக்கோணம் முக்கோணமாக வெட்டி நாடாவில் தைக்கும் அந்தத் தோரணம்தான் இன்றைக்கும் பிரிட்டனில் பிறந்தநாள், திருமணம், கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் கட்டப்படுகிறது.

ஏழு துண்டில் ஒரு பூ

வீட்டில் செய்து பார்க்க, பிரிட்டனின் பழைய முறை ஒன்று. தாள் வைத்துத் தைக்கும் பேட்ச்வொர்க். மெஷின் வேண்டாம், ஊசி நூல் போதும்.

கொஞ்சம் கனமான தாளில், ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலம் இருக்கும் அறுகோணம் ஏழு வெட்டுங்கள். பள்ளியில் ஜாமெட்ரி படிக்கும் பிள்ளை இருந்தால் இந்த வேலையை அவரிடமே விட்டுவிடலாம். காம்பஸை ஓர் அங்குலத்துக்கு வைத்து வட்டம் போட்டு, அதே அளவால் ஓரத்தில் ஆறு இடத்தில் குறித்தால் அறுகோணம் தயார். அளவில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரு தாள் கோணலானாலும் கடைசியில் பூ மூடாது.

துணியைத் தாளைவிடச் சுற்றிலும் கால் அங்குலம் பெரிதாக வெட்டி, ஓரத்தைத் தாளின் மேல் மடித்து, பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணியே நல்லது. பாலியஸ்டரில் மடிப்பு நிற்காது, பொறுமைதான் போகும். பக்கத்துத் தெரு டெய்லரிடம் கேட்டால் ஒரு பை நிறைய பிட்டுத் துணி கிடைக்கும். நடுவில் ஒரு நிறம், சுற்றிலும் ஆறு பூத்துணி. அடுத்தடுத்த இரண்டை முகத்தோடு முகம் வைத்து, விளிம்புகளில் மட்டும் நூலைச் சுற்றிச் சுற்றி எடுத்துத் தைத்தால், திருப்பும்போது தையல் அவ்வளவாகத் தெரியாது. முடித்தால் சுமார் 5 அங்குல அகலப் பூ. மேஜையில் டம்ளர் வைக்கலாம். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட வேண்டுமென்றால், அரை அங்குல அளவில் செய்து, பின்னால் ஒரு துணி வைத்து மூடி, மேலே நாடா தைத்துவிடுங்கள்.

துவைக்கும் பொருளாக இருந்தால் கடைசியில் ஓட்டுத் தையலைப் பிரித்துத் தாளை உருவிவிட வேண்டும். மரத்தில் தொங்கவிடும் பூவுக்கு அது தேவையில்லை. பிரிட்டனில் தேதியோடு கிடைத்த பழமையான பேட்ச்வொர்க் படுக்கை விரிப்பு 1718-ல் தைத்தது. அதற்குள் அன்று வைத்த தாள்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. கையில் கிடைத்த பழைய கடிதத்தையும் கணக்குத் தாளையும் வெட்டி உள்ளே வைப்பது அந்தக் காலத்து வழக்கம். அதில் இருக்கும் எழுத்தைப் பார்த்துத் தைத்த காலத்தைக் கணிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. உங்கள் பூவின் தாள்களிலும் பென்சிலால் வருடத்தையும், யார் எந்தத் துண்டைத் தைத்தார்கள், துணி யாருடைய சட்டையில் மிஞ்சியது என்பதையும் எழுதி மூடிவிடலாம்.

சாரா பெண்டர் கதை பாதியில் நிற்கிறதே? 1775, ஜூன் 10 அன்று அவர் அந்த இல்லத்துக்குத் திரும்பி வந்தார். அப்போது சார்ல்ஸுக்கு எட்டு வயது. மகனை அழைத்துக்கொண்டு போனார்.